சதுப்பு நிரை பத்துமலையும் டின்பாலும்

பங்கோர் தீவுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கு அங்கே மூன்று இருந்தன: கூரையில்லாத டச்சுக்கோட்டை, கடல், பத்துமலை. ஈயத்தைக் காக்கக் கட்டிய கோட்டையில் காக்க ஒன்றும் மிஞ்சாததால், அரசாங்கம் அதை மிகவும் கவனமாகக் காத்துவந்தது. கடல் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. பத்துமலை என்ற ஆளை மட்டும் விடுதி முதலாளி, அதாவது சீனத் தவுக்கே, தினமும் காலை பத்து மணிக்கு ரப்பர் மரத்தடியில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

மரம் வெட்டி, அதாவது பால் வடியப் பட்டையைக் கீறி, காட்டுவதுதான் வேலை. பொழுது விடியுமுன் வெட்டினால்தான் ரப்பர் மரம் பால் தரும், வெயில் ஏறிவிட்டால் சுரப்பு நின்றுவிடும் என்பது பத்துமலைக்குத் தெரியும். விருந்தாளிகளோ எழுந்து, முட்டை தின்று, கோட்டையைப் பார்த்துவிட்டு வரப் பத்தாகிவிடும். அதற்குத் தவுக்கே வழி கண்டுபிடித்திருந்தார். டின்பாலையும் மாவையும் கரைத்து மங்கு என்கிற பால் கிண்ணத்தில் முன்கூட்டியே ஊற்றிவைப்பார்கள். பத்துமலை பட்டையில் ஒரு கோடு கீறிவிட்டு, மரத்தில் கட்டியிருக்கும் அந்தக் கிண்ணத்தை எடுத்துக் காட்டுவார். கைதட்டிவிட்டு எல்லாரும் படகேறித் தீவைச் சுற்றப் போவார்கள். ரப்பர் பாலுக்கு எறும்பு வராது, டின்பாலுக்கு வரும். கூட்டம் வருமுன் எறும்பை ஊதித் தள்ளுவதும் பத்துமலையின் பொறுப்பு.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, பதினான்கு வயதில் கத்தி பிடித்தவர் அவர். அவர் வெட்டிய மரத்தில் கத்தி ஆழப் பட்ட காயம் ஒன்றும் இருக்காது. ஆனால் அவருக்கு வெட்ட விழுந்தது சதுப்பு நிரை, ஈரநிலத்து மரவரிசை. லேசாகத் தூறினாலும் அந்த நிரையில் இலைத்தண்ணீர் மங்குக்குள் சொட்டும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் வாய் திறக்கவில்லை. திறப்பவனுக்கு அடுத்த நாள் அந்த நிரை வந்து சேரும்.

தோட்டத்தின் தலைமைக் கணக்கரான யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கிராணி பூபாலசிங்கம், பால் நிறுக்கும் கொட்டாயில் ஒரு கையால் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையால் தண்ணீர்க் கலப்பை அளக்கும் கண்ணாடி மிதவையைப் பாலில் விடுவார். இருபது வருடத்தில் அவர் விரல் பாலில் பட்டதில்லை. எழுபத்து நான்காம் வருடம் ஒரே மாதத்தில் மூன்று முறை மிதவையைப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கு" என்றார். பத்துமலைக்கு வேலை போயிற்று, தோட்டம் கொடுத்த லயத்து வீடு போயிற்று. 'பால் கலக்கிறவன்' என்ற பேர் மட்டும் கூடவே வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அது முன்னதாகப் போய் உட்கார்ந்திருந்தது. பாகான் டத்தோவில் தேங்காய் உரித்து, தீவில் மீன் காயவைத்து, கடைசியில் இந்த மரத்தடிக்கு வந்தார்.

ஒன்பது வருடமாக அவர் கேட்க ஏங்கியது ஒரே வார்த்தை: நீ கலக்கவில்லை. கட்டிய மனைவி நல்லம்மாள்கூட அதைச் சொல்லவில்லை. சோறு போடும்போது குரலைத் தாழ்த்தி, "என்கிட்டயாவது சொல்லு லா. கொஞ்சூண்டு கலந்தியா?" என்பாள்.

எண்பத்து மூன்றாம் வருடப் பள்ளி விடுமுறையில், ஈப்போவிலிருந்து சுற்றுலா வந்த முப்பது பேரோடு பூபாலசிங்கம் வந்து இறங்கினார். ஓய்வு பெற்று உடல் கொஞ்சம் பெருத்திருந்தார். கோட்டையில் ஒல்லாந்தர் நிர்வாகத்தைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். கடலில் கால் நனைக்கவில்லை. மரத்தடிக்கு வந்ததும், யாரும் கேட்காமலே முன்னால் வந்துவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, இருவது வருசம் நான் பார்த்த வேலை இது." பழக்கத்தில் ஒரு கை கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோயிற்று. மறு கையால் மங்கை வாங்கிச் சரித்துப் பார்த்தார். கலவை கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. "கண்டியளோ? அசல் பால். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. இப்பிடி நேர்மையாய் வெட்டுற ஒருத்தன் என்ர தோட்டத்தில இருக்கேல்லை."

ஏங்கிக் கிடந்த வார்த்தை வந்தேவிட்டது, மாவுக்கரைசலுக்கு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தவுக்கேயிடம் இன்னும் பத்து வருடம் வேலை இருந்திருக்கும்.

"ஐயா, அது டின்பாலும் மாவும்" என்றார் பத்துமலை. "நா சதுப்பு நெரை பத்துமலை. அன்னிக்கு எலத்தண்ணி சொட்டுன பாலப் பாத்து நா கலந்ததுன்னீங்க. இன்னிக்கு மாவக் கரைச்சு வச்சா அசல் பாலுங்கிறீங்க. ஒங்களுக்குப் பாலே தெரியாதுங்க ஐயா. நா கலக்கல."

இதைவிடக் கச்சிதமாக ஒரு வக்கீலும் வாதாடியிருக்க முடியாது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். கிராணியின் மனைவி சாரதாதேவி அவர் சட்டைக் கையை இழுத்து, "இஞ்சாருங்கோ, உங்கட பெருவிரலில எறும்பு" என்றார். சிரிப்பு பரவியது. ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், பத்துமலை ஜெயித்திருந்தார்.

பூபாலசிங்கம் எறும்பைச் சுண்டிவிட்டு, மங்கைக் கீழே வைத்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டியளோ? தன்ர வாயாலேயே சொல்லுறான், கலந்தனான் எண்டு. எனக்கு அப்பவே தெரியும்."

ஆமாம் என்று முப்பது தலைகள் ஆடின. அன்றும் கலந்தவன், இன்றும் கலக்கிறவன். ஈப்போக்காரர் ஒருவர், "அந்தக் காலத்துலயே கண்டுபுடிச்சிட்டாரு பாரு மச்சான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் வியந்தார். பத்துமலை மங்கையும் எறும்பையும் மாறி மாறிக் காட்டி ஏதோ சொல்லிப் பார்த்தார். அதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டது. தவுக்கே அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று மலாயில் சொன்னார். பொய்யைக் கரைத்தது தவுக்கேயின் சமையலறைதான். அதை யாரும் கேட்கவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து நல்லம்மாள் மீன் கழுவுவதை நிறுத்தினாள்.

"வேலை போச்சு" என்றார்.

"என்ன செஞ்ச?"

"கிராணி வந்தாரு. பால் கலந்ததுன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

நல்லம்மாள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியவள் போல மூச்சு விட்டாள்.

"இத அப்பவே ஒத்துக்கிட்டிருந்தா, ஐயா மன்னிச்சு விட்டிருப்பாரு லா" என்றாள். பிறகு மீனை எடுத்துச் செதில் உரிக்கத் தொடங்கினாள்.