சுத்தமான கரண்ட்

சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் குத்தியிருப்பதால் அந்த எலக்ட்ரீஷியனை எல்லோரும் டெஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. அவருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. அரைகுறை வேலையைக் கண்டால் கஷாயம் குடித்த மாதிரி கீழுதடு கோணிக்கொள்ளும். பாதிப் பேர் அதற்காகவே அவரை மறுபடி கூப்பிடுவதில்லை. மீதிப் பேர் அதற்காகவே கூப்பிடுகிறார்கள்.

பல் டாக்டர் இரண்டாம் ரகம். மாடியில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டியிருந்தார். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர். எல்லாம் இருந்தும் பாட்டுக்கு அடியில் வண்டு பறப்பதுபோல் ஓர் இரைச்சல்.

"கரண்ட்ல அழுக்கு இருக்காம் டெஸ்டர். அதை வடிகட்ட மூணு பெட்டி சொல்லியிருக்காங்க. எதை வாங்கறதுன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சொன்னவன் பக்கத்திலேயே நின்றான், ஆடியோ கடையின் ஆலோசகன். மெல்லிய குரல், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. ஒரு பெட்டி வோல்டேஜைச் சமப்படுத்துமாம். இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்து லைனைப் பிரித்துவிடுமாம். மூன்றாவது வருகிற கரண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாகவே செய்து தருமாம்.

"மூணாவதை மாட்டினா பாடுறவங்க மூச்சு வாங்கறது கேக்கும் சார். குரலைச் சுத்தி காத்து வரும்" என்றான்.

இருபத்தெட்டு வருஷத்தில் கரண்ட்டிலிருந்து புகை வந்துதான் டெஸ்டர் பார்த்திருக்கிறார். அறையின் மூலையில் ஏற்கெனவே ஒரு வடிகட்டிப் பெட்டி இருந்தது. பாட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்க இரண்டு வாரம் முன்பு கடையிலிருந்து வந்ததாம். சாக்கெட்டில் மீட்டரை வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் தொண்ணூறு வோல்ட் காட்டியது. ஒன்றோ இரண்டோ காட்ட வேண்டிய இடம். மற்ற சாக்கெட்டுகளைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

சமையலறையில் சமையற்கார அம்மா மரப்பலகை மேல் நின்றுகொண்டு, கைத்துணியால் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"என்னம்மா, துணி எதுக்கு?"

"ரெண்டு வாரமா கடிக்குதுண்ணே. முன்னல்லாம் லேசா சுருசுருன்னு இருக்கும். இப்ப ஈரக்கையோட தொட்டா தோள் வரைக்கும் இழுக்குது. வீட்டம்மாகிட்ட சொன்னேன். செருப்புப் போட்டுக்கோன்னாங்க. டாக்டர்கிட்டயும் சொன்னேன். ஆள் வரும், பாக்கலாம்னார்."

வந்த ஆள் டெஸ்டர். ஆனால் வந்தது மாடிக்கு. வாயில் எச்சில் ஊறியது அவருக்கு, வாந்திக்கு முன் ஊறுகிற எச்சில். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இந்த வீட்டுக்கே இல்லை. மேலே இருக்கும் பெட்டி வடிகட்டிய கசடை எர்த் கம்பியில் தள்ளுகிறது. அந்தக் கம்பி மண்ணுக்குப் போகாமல் ஃப்ரிட்ஜ் வழியாக இந்த அம்மா கைக்கு வருகிறது.

மாடி ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னார். ஆலோசகன் தலையாட்டினான். "கரெக்ட். அதனாலதான் மியூசிக் ரூமுக்குத் தனி எர்த் கேக்கறோம். செம்புக் கம்பி, தனிக் குழி. வீட்டு எர்த்தோட சேரவே கூடாது."

"அதைப் போட்டுடுங்க டெஸ்டர். சனிக்கிழமை நாலு பேர் கேக்க வர்றாங்க. வீட்டுது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

கீழுதடு கோணியது.

"டாக்டர், கொஞ்சம் கீழ வாங்க."

மூவரும் சமையலறைக்கு வந்தார்கள். டெஸ்டர் குழாயைத் திறந்துவிட்டார்.

"செருப்பைக் கழட்டிட்டு, கையை நனைச்சுட்டு, இந்த ஃப்ரிட்ஜ் கதவைத் தொடுங்க."

டாக்டர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை பாதித் தூரம் போய், சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் திரும்பி வந்தது. சமையற்கார அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க தொடவேணாம். அவங்க ஒரு நாளைக்கு நாப்பது தடவை தொடறாங்க" என்று குழாயை மூடினார் டெஸ்டர். "வீட்டு எர்த் சரியாகாம நான் மாடியில கை வைக்கமாட்டேன். அந்தப் பெட்டியை இப்பவே கழட்டறேன்."

டாக்டர் முகம் சிவந்தது. "சரி, செய்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் தோட்டத்தில் விரித்திருந்த பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டினால் எர்த் குழி. புல் போட வந்தவர்கள் இடைஞ்சலாக இருந்த கம்பியை வெட்டி, மேலே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புதுக் கம்பி போட்டு, குழியை நனைத்து, வீடு முழுக்க ஒவ்வொரு சாக்கெட்டாக மீட்டர் வைத்துப் பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. சமையற்கார அம்மா ஃப்ரிட்ஜை முதலில் ஒரு விரலால், பிறகு உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். மாடியில் பாட்டைப் போட்டபோது வண்டு பறக்கவில்லை. ஒரு பெட்டியும் மாட்டாமலே.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் டாக்டர், கொஞ்சம் ஏமாந்த மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் டெஸ்டர் சாப்பிட உட்காரும்போது டாக்டரின் குரல் செய்தி வந்தது. "டெஸ்டர், மூணாவது பெட்டியவே வாங்கிட்டேன். என்ன அமைதி தெரியுமா! அந்த இரைச்சல் போன இடமே தெரியல. எல்லாம் பெட்டியோட வேலை." பின்னால் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

டெஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாப்பாட்டுல என்ன?" என்றார் மனைவி.

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வாரம் ஆலோசகனே போன் செய்தான். அவன் பெட்டி விற்கிற வீடுகளுக்கெல்லாம் வயரிங் பார்க்க இவர் வர வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தார். "சமையல்கட்டுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்" என்று வந்தது. அதற்கும் அவன் ஒத்துக்கொண்டான்.

அப்படிப் பதினோரு வீடு பார்த்தாயிற்று. நாலில் எர்த் இல்லை. ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் கடிக்கிறதென்று வேலைக்கு வரும் பெண்ணைக் கையாலேயே துவைக்கச் சொல்லியிருந்தார்கள். அதே வீட்டு மாடியில் ஸ்பீக்கர் வயர் தரையில் படாமலிருக்கப் பீங்கான் தாங்கி வைத்திருந்தார்கள்.

"குமட்டுதுன்னு சொல்லிட்டே போறீங்களே, விட்டுடலாமில்ல?" என்றார் மனைவி.

"வேற ஆள் போனா நேரா மாடிக்குப் போவான்" என்றார் டெஸ்டர். பன்னிரண்டாவது வீட்டின் விலாசத்தை மனைவியிடம் கொடுத்து, எழுத்து புரியவில்லை, படித்துச் சொல் என்றார்.