சந்தனப் பொட்டு வைத்த எட்டுப் பெட்டிகள்

ராஜவேல் தன் கையில் இருக்கும் தாளைப் படிக்க மாட்டான். படிக்கத் தெரியாமல் இல்லை. பத்தாவது வரை போனவன். தமிழ் நன்றாகவே படிப்பான், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பான். படிக்கத் தெரியாதவள் நான்தான். நான் சொல்கிறேன், என் பேத்தி கவிநிலா எழுதுகிறாள். நடுவில் எதையாவது திருத்தினால் முதலிலிருந்து மறுபடி சொல்லுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறோம். பெயர் எதற்கு? நான் கூட்டித் துடைக்கிறேன். எல்லாரும் ஆயா என்பார்கள். ராஜவேல் அட்டெண்டர். கருவடிக்குப்பத்தில் வீடு. பத்தொன்பது வயதில் மில்லுக்குப் போனான். நூல்கண்டுக் கூடையைத் தறிக்குத் தறி தள்ளிக்கொண்டு போவதுதான் அங்கே அவன் வேலை. மில் நின்ற பிறகு பிள்ளைச்சாவடியில் படகுகளுக்கு ஐஸ்கட்டி சுமந்தான். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினான். பிறகு இங்கே வந்தான், ஏழு வருஷம் ஆகிறது. எல்லாமே ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்தில் சேர்க்கிற வேலைதான். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

இங்கே வந்த முதல் மாதம் ஒரு பரிசோதனைச் சீட்டை மாடிக்கு எடுத்துப் போனான். படிக்கட்டில் ஒரு பெண் நிறுத்தி, "அண்ணே, என் வூட்டுக்காரரு சீட்டுதான அது, இன்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவன் படித்திருந்தான். ஒன்றும் தெரியாது என்று வாய் சொன்னது, முகம் சொல்லிவிட்டது. அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து எந்தத் தாளானாலும் எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்துத்தான் எடுத்துப் போவான்.

முன்பு கீழ்க்கூடத்தில் ஒரே ஒரு பெரிய பிரின்டர் இருந்தது. யார் எங்கிருந்து அடித்தாலும் தாள் அங்கேதான் விழும். ராஜவேல் பிரித்து, அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். இந்த வருஷக் கோடையில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் போய், மேசைக்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற லூர்துபிரகாஷ் எனக்கே விளக்கிச் சொன்னான். நிஜமான கம்ப்யூட்டர் எல்லாம் மாடியில் ஏசி அறை அலமாரிக்குள் இருக்கிறதாம். மேசையில் இருக்கிற பெட்டி அதற்கு ஒரு வாசற்படி மாதிரியாம். டாக்டர் எந்த மேசையில் உட்கார்ந்து தன் பெயரைப் போட்டாலும் அவர் விட்ட இடத்திலிருந்து அவர் வேலை அங்கே வந்து நிற்கும். பிரின்ட் கொடுத்தால், அந்தப் பெட்டி எந்த அறைக்குச் சேர்ந்ததோ அந்த அறை பிரின்டரில் தாள் வரும்.

பதிவு கவுண்டர், லேப், மருந்துக்கடை, டாக்டர் அறை இரண்டு, ஆபரேஷன் வார்டு, மேடம் அறை, கேன்டீன். எட்டு இடம், எட்டுப் பெட்டி, எட்டுப் பிரின்டர். கேன்டீனுக்கு எதற்கு என்றால், எந்த நோயாளிக்கு உப்பில்லாத கஞ்சி, யாருக்கு இட்லி என்கிற பட்டியல் அங்கே போக வேண்டும்.

ஆக, தாள் தானாகவே அந்தந்த அறையில் வந்தது. ராஜவேல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

புரட்டாசியில் ஒரு நாள் லினெட் மேடம் அவனைக் கூப்பிட்டார்கள். நிர்வாகம் முழுக்க அவர்கள் கையில்தான்.

"அக்டோபரோட உங்க கான்ட்ராக்ட் முடியுது ராஜவேல். பேப்பர்லாம் அந்தந்த ரூம்லயே வந்துடுது. நீங்களே பாக்கறீங்க."

"பாக்கறேன் மேடம்."

"இன்னும் முடிவு பண்ணல."

"சரிங்க மேடம்."

அவன் மகன் செம்மல் காலேஜில் கடைசி வருஷம். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இன்னோர் இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? ஐஸ்கட்டி தூக்க இடுப்பு விடாது. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. மாப் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக ஒரு படத்தை மாட்டி, பொரி கடலை வைத்து முடித்துவிடுவார்கள். இந்தத் தடவை ராஜவேல் தானே செய்கிறேன் என்றான். மில்லில் ஆயுத பூஜை என்றால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, சாமி முன்னால் அடுக்குவார்களாம். அப்படியே செய்தான். எட்டுப் பெட்டியையும் ஒயரைப் பிடுங்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தான். லூர்துபிரகாஷ் வேளாங்கண்ணிக்குக் கிளம்பி, ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.

"தம்பி, எது எந்த ரூமுன்னு குறிச்சி வெக்கணுமா?"

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. உள்ள ஒண்ணுமே கெடையாது. காலி டப்பா."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராஜவேல் ஒவ்வொரு பெட்டியையும் துணியால் துடைத்தான். பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது. கறுப்பு முகத்தில் நெற்றி மாதிரி அது ஒன்றுதான் பொட்டு வைக்க வாகாக இருந்தது. எட்டு நெற்றியிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தான். லினெட் மேடம் வந்து சிலுவை போட்டுக்கொண்டு பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு பெட்டி என்று மேசைக்கு மேசை வைத்துச் சொருகினான். மில்லில் எந்தக் கண்டு எந்தத் தறிக்குப் போனாலும் துணி வந்துவிடும்.

லீவுக்கு நோயாளிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், இரண்டு நாள் முடிந்து திறந்தார்கள். எல்லாப் பெட்டியும் நன்றாக வேலை செய்தது. தாள்தான் வந்த இடம் சரியில்லை. மருந்துச் சீட்டு லேபில் வந்தது. லேப் சீட்டு பதிவு கவுண்டரில் வந்தது. மேடம் அறையில், ஏழாம் நம்பர் படுக்கைக்கு உப்பில்லாத கஞ்சி என்று வந்தது.

லூர்துபிரகாஷ் மாடி அலமாரிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சென்னைக் கம்பெனிக்காரனோடு போனில் பேசினான். ஸ்கிரீன் எல்லாம் சரியாக வருவதால் கோளாறு மேலேதான் என்று அவனும் சொன்னான், அந்தக் கம்பெனிக்காரனும் சொன்னான். கீழே ராஜவேல் மத்தியானத்துக்குள் எந்த அறைத் தாள் எங்கே விழுகிறது என்று மனப்பாடம் பண்ணிவிட்டான். எல்லா மேசையிலிருந்தும் "ராஜவேலு, ராஜவேலு" என்று ஒரே கூப்பாடு. அவன் நடையில் பழைய வேகம் வந்துவிட்டது.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க," என்றார்கள் லினெட் மேடம்.

சாயங்காலம் ஆபரேஷன் வார்டு நர்ஸ் அஞ்சலி, மேசை முழுக்கச் சந்தனத் தூள் கொட்டுகிறது என்று சொன்னாள். ராஜவேல் ஈரத் துணியால் பெட்டியைத் துடைத்தான். சந்தனத்துக்கு அடியில் ஸ்டிக்கரில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. கேன்டீன் என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். துணியைப் பிழிந்துகொண்டு குழாயடியில் என்னிடம் வந்தான்.

"ஆயா, தப்பு என்னுதுதான். பொட்டிய மாத்தி வெச்சிட்டேன்."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"உங்கிட்டதான் சொல்றேன்."

"அப்ப அதோட நிறுத்து. மாசம் முடியட்டும். உன்ன வுட்டா ஆளில்லன்னு எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"பாவம் ஆயா, அந்தப் புள்ள லூர்து சோறு திங்காம கெடக்கறான்."

"ஒரு நாளு திங்கலன்னா செத்துட மாட்டான்."

அப்படித்தான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை பிரான்சுவாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா அவர், எழுபது தாண்டியவர். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்ததோடு சரி. ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஃபைலில் இல்லாமல் மயக்க டாக்டர் ஊசியைத் தொட மாட்டார். அஞ்சலி காலை ஏழு மணிக்கே வார்டிலிருந்து பிரின்ட் கொடுத்தாள். வரவில்லை என்று இரண்டாம் தடவை கொடுத்தாள், மூன்றாம் தடவையும் கொடுத்தாள்.

மூன்றும் கேன்டீனில் வந்தன. எது எங்கே விழும் என்று தெரிந்த ராஜவேல் வருவது ஒன்பது மணிக்கு. கேன்டீன் கோவிந்தராசு ஏழரைக்கு பஜ்ஜி போடுகிறவன். வந்து விழுந்த மூன்று தாளையும் பஜ்ஜி மடிக்க எடுத்தான். போதாததற்குப் பிரின்டருக்குள் இருந்த வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு யார் எத்தனை தடவை அடித்தாலும் தாள் எங்கிருந்து வரும்? ஒன்பது மணிக்கு ராஜவேல் போய்க் கேட்டதற்கு, ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டான். பதினொரு மணி வரைக்கும் பிரான்சுவா பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ரத்தத்தக் குடுத்தேன். சீட்டும் இல்ல, சோறும் இல்ல. பட்டாளத்துலகூட என்ன இப்பிடிக் காயப் போட்டதில்ல," என்றார்.

கேன்டீன் குப்பைக் கூடையைக் கொட்டப் போனபோது, எண்ணெயில் ஊறிய தாளில் ஆஸ்பத்திரியின் சிவப்பு முத்திரை தெரிந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, அந்த முத்திரை தெரியும். எடுத்து ராஜவேலிடம் கொடுத்தேன். அவன் கோவிந்தராசுவைப் பார்த்தான்.

"பிரின்டர்ல வந்துச்சி. எனக்குத்தான் வந்துச்சின்னு நெனச்சேன்," என்றான் கோவிந்தராசு.

"படிச்சியா?"

"படிக்காம? அந்தாளுக்குச் சக்கர கொஞ்சம் கூடத்தான் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

ராஜவேல் தாளை மடித்து வார்டுக்கு எடுத்துப் போனான். மயக்க டாக்டர் அதை மூலையில் இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் படித்து, ஃபைலில் கையெழுத்துப் போட்டார். பிரான்சுவா மோந்து பார்த்தார்.

"இன்னா பஜ்ஜி? வாழக்காயா?"

"ஆமாங்கய்யா."

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "ரெண்டு எடுத்து வெக்கச் சொல்லு. மயக்கம் தெளிஞ்சதும் பாத்துக்கறேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பஜ்ஜியை டாக்டர் விடவில்லை.

ராஜவேல் வார்டிலிருந்து நேராக லினெட் மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லூர்துபிரகாஷ் காலி டப்பா என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அஞ்சலி பக்கத்தில் இருந்தாள், அவள்தான் பிறகு என்னிடம் சொன்னாள். மேடம் அவன் சொன்னதை நம்பவில்லை.

"பெட்டி மாறினதாலதான்னா, என் பேரப் போட்டு வார்டுல பிரின்ட் குடுத்தாலும் கேன்டீன்லதான் வரணும்."

"வருங்க மேடம்."

"நானே பாக்கறேன். கேன்டீன்ல பேப்பர் போடச் சொல்லுங்க."

மேடம் வார்டுக்கு வந்து, அஞ்சலி மேசையில் உட்கார்ந்து, தன் பெயரைப் போட்டார்கள். அவர்கள் அறையில் விட்டு வந்த வேலை அப்படியே அங்கே வந்து நின்றது. திறந்திருந்ததை பிரின்ட் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் அது என்ன தாள் என்று பார்த்தார்கள் போலிருக்கிறது. கை அப்படியே மேசைமேல் நின்றுவிட்டது என்று அஞ்சலி சொன்னாள்.

"போயி எடுத்துட்டு வரட்டுங்களா மேடம்?" என்று ராஜவேல் கேட்டான்.

மேடம் ஸ்கிரீனில் இருந்ததை மூடினார்கள். பிறகு, "எடுத்துட்டு வாங்க," என்றார்கள்.

நான் கேன்டீனில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். தாள் வந்து விழுந்தது. கோவிந்தராசு வழக்கம்போல எடுத்துப் படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஆயா, ராஜவேலுக்குச் சீட்டு கிழிஞ்சி போச்சி. இந்த மாசத்தோட சரியாம்."

"மடிச்சி வையி."

"அடுப்புல போட்டுட்டா?"

"மேல கம்ப்யூட்டர்ல இருக்குது, இன்னொண்ணு அடிப்பாங்க. மடிச்சி வையி."

ராஜவேல் உள்ளே வந்தான். கோவிந்தராசு தாளை நீட்டினான். ஊருக்கே ஒலிபெருக்கி அவன். அன்றைக்கு, "டீ குடிச்சிட்டுப் போண்ணே," என்று மட்டும் சொன்னான். ராஜவேல், "வந்து குடிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, சரியாக மடியாமல் இருந்த மடிப்பை எழுத்து உள்பக்கம் போகும்படி இன்னொரு தடவை விரலால் அழுத்திக்கொண்டு போனான். மூலையில் கோவிந்தராசுவின் கட்டைவிரல் எண்ணெய் பதிந்திருந்தது.

வார்டில் மேடம் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

"படிச்சீங்களா?"

"நான் எடுத்துட்டு வர்ற பேப்பர படிக்கறதில்லீங்க மேடம்."

"கோவிந்தராசு படிச்சிருப்பான்."

மேடம் மூலையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார்கள்.

"ட்ரேல வந்து விழறத வர்றவன் போறவன்லாம் படிக்கறான், இல்ல?"

"அது எனக்குத் தெரியாதுங்க மேடம்."

மேடம் தாளைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்கள்.

சாயங்காலம் லூர்துபிரகாஷும் ராஜவேலும் மீதி ஏழு பெட்டிச் சந்தனத்தையும் துடைத்து, ஸ்டிக்கரைப் பார்த்து, இருபது நிமிஷத்தில் பெட்டிகளை அதனதன் மேசையில் வைத்துவிட்டார்கள்.

"காலி டப்பான்னு நான்தாண்ணே சொன்னேன்," என்றான் லூர்துபிரகாஷ்.

"காலி டப்பாதான் தம்பி. பேரு ஒட்டி வெச்சிருந்தீங்க."

அடுத்த வாரம் மேடத்திடமிருந்து உத்தரவு வந்தது. எந்த அறையிலும் பரிசோதனைச் சீட்டு பிரின்டர் தட்டில் கிடக்கக் கூடாது, ராஜவேல்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கோவிந்தராசு இப்போது பஜ்ஜி மடிக்க மந்தாரை இலை வாங்குகிறான்.

அக்டோபர் முடிந்தது. நவம்பர் முதல் தேதி ராஜவேல் வந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் வந்தான். புதுப்பித்தோம் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்கச் சொன்னேன், கேட்க மாட்டேன் என்கிறான். நானே கேட்டுவிடுவேன், அவன் வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

மேடம் அறையைக் காலையில் துடைக்கிறவள் நான். மேசையின் இரண்டாவது இழுப்பறை சரியாகச் சாத்தாது. உள்ளே மேலாக மடித்த தாள் ஒன்று கிடக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, அந்தக் கட்டைவிரல் எண்ணெய்க் கறை தெரியும். பிரித்தால், அடியில் மேடம் கையெழுத்துப் போடுகிற இடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தூசி தட்டிவிட்டு, மடித்து, இருந்த மாதிரியே வைத்து, இழுப்பறையை முழங்காலால் சாத்திவிட்டு வருகிறேன்.