மூன்றாவது பலகை எது?

நேற்று எங்கள் அடுக்ககத்தில் ஆயுத பூஜை. காவலாளி லிஃப்ட் பொத்தான்கள் மேலெல்லாம் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். எந்தப் பொத்தான் எந்த மாடி என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் படியேறிப் போனேன். சந்தனப் பொட்டுக்கும் படியேறுவதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறதே!

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நான் புதுசு. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். அங்கே பீரோ உயரத்துக்கு ஒரு சர்வர். பெட்டி ஒன்று, உள்ளே குடித்தனம் மூன்று. வரிசையாகச் செருகியிருந்த சர்க்யூட் பலகைகளைப் பங்கு பிரித்து, மூன்று தனித்தனி கம்ப்யூட்டர்களாக ஓட்டினார்கள். பார்ட்டிஷன் என்பார்கள். எந்தப் பலகை எந்த எண், எந்தப் பங்கு என்பதைச் சின்னச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தவர் தேவகி அக்கா. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவார். எனக்கு வேலை பழக்கியதும் அவர்தான்.

பூஜைக்கு முன் எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார்கள். நான்தான் கெட்டிக்காரனாயிற்றே! சீட்டுகளைச் சுரண்டியெடுத்து, பளபளவென்று துடைத்து, பலகைக்கொரு பொட்டும் வைத்தேன்.

அடுத்த வாரம் திரையில் செய்தி: மூன்றாம் எண் பலகை பழுது. அந்தப் பங்கை மட்டும் நிறுத்திவிட்டு, அக்கா மாற்றுப் பலகை எடுக்கப் போனார்.

"நான் வர்ற வரைக்கும் கைய வெக்காதடா."

வைக்காமல் இருப்பேனா? இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி உருவினேன். அந்த இயந்திரமோ பூஜ்யத்திலிருந்து எண்ணும். நான் பிடுங்கியது இரண்டாம் எண், டிசைன் பிரிவுக்காரர்களுடையது. நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்த அவர்கள் வேலை அத்தோடு போச்சு.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்றபடி வந்த அக்கா, என் கையிலிருந்த பலகையை வாங்கிக்கொண்டார். அதற்குள் மேலாளர் ஓடிவந்து, "யாரு புடுங்கினது?" என்று கத்தினார்.

"நான்தான் சார். தப்பா எண்ணிட்டேன்" என்றார் அக்கா.

நான் பெட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அக்காவை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போல்ட்டு நட்டு டப்பாக்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமானதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நிரந்தரமும் ஆனது. ஸ்வீட் கொண்டுபோய் நீட்டினேன். "நல்லா இருடா" என்று எடுத்துக்கொண்டார். அப்போதும் சொல்லவில்லை, பாவி.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. சர்வர் காயலான் கடைக்குப் போய்விட்டது. அக்கா எங்கே இருக்கிறாரோ, தெரியவில்லை. மேலாளரும் போய்ச் சேர்ந்துவிட்டார். "நான்தான் சார்" என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது. கேட்கத்தான் அங்கே ஒரு சார் இல்லை.