காதுக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றர்

2013 செப்டம்பர் 7, சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சுவிஸில் டாவோசுக்கு மேலே, லார்ச் மரக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடம். வெப்பம் மூன்று பாகை. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, எங்கள் தலைக்கு மேலே வெளித்த வானம், காற்று மலையிலிருந்து கீழே. இதையெல்லாம் நான் சட்டைப்பைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் படுத்திருந்த என் மனைவியின் தம்பி பல்லைக் கடித்தான்.

"அத்தான், மானைப் பாக்க வந்தனீங்களோ, கொப்பி எழுத வந்தனீங்களோ?"

எனக்கு அவனை அப்போதே பிடிக்காது. ஊரில் நான் பதினொரு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞன். இங்கே வந்து ஹோட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவினேன். அதே குசினியில் எனக்குப் பிறகு கோப்பை கழுவ வந்த இவன் சமையல்காரனாகிவிட்டான். 2009இல் இருவரும் ஒன்றாக வேட்டைப் பரீட்சை எடுத்தோம். எழுத்தில் எனக்கு ஒன்பது புள்ளி கூட, சுடுவதில் அவனுக்குப் பதினான்கு. அதனால் ஓர் ஒழுங்கு வந்தது: தூரநோக்கியில் பார்த்து சுடலாம், கூடாது என்று சொல்வது நான். சுடுவது அவன். நாலு பருவம் அப்படிப் போனது. அந்தச் சொல் ஒன்றுதான் அந்த மலையில் எனக்கென்று இருந்தது. அதையும் பிடுங்கவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை.

அன்று கண்டது ஒரு வயது ஆண் மான். கிளையில்லாமல் இரண்டு குச்சிக் கொம்பு. இங்கே அதற்கு ஸ்பீசர் என்று பெயர். குச்சி காதைவிட உயரமென்றால் சுடக்கூடாது, குட்டையென்றால் சுடலாம். முதல் கொம்பே நீண்டவன் பின்னால் பெரிய கொம்புக்காரனாக வருவான், அவனை வளரவிடு என்பது விதியின் எண்ணம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிந்திப் பிறந்த குட்டிக்கும் பனிக்காலத்தில் பட்டினி கிடந்த குட்டிக்கும் முதல் கொம்பு குட்டையாகத்தான் வரும். நாலைந்து வருடத்தில் அவை மற்றவற்றை எட்டிப் பிடிக்கலாம். இதைப் பரீட்சையிலும் சொன்னேன். கேள்வி கேட்டவர், உம்முடைய கருத்து வேண்டாம், காது எங்கே, கொம்பு எங்கே என்று மட்டும் சொல்லும் என்றார்.

மான் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொம்பு காதுக்கு மேலே நன்றாகத் தெரிந்தது.

"கூடாது," என்றேன்.

"வடிவாப் பாருங்கோ. ஷ்லீரனில எங்கட ஆக்கள் எட்டுப் பேருக்குப் பங்கு சொல்லிப்போட்டன்."

ஊரில் ஆடடித்துப் பங்கு போடுவதுபோல இவன் மானுக்குப் பங்கு போடுவான். ஊரில் ஆடு முற்றத்தில் கட்டியிருக்கும், பிறகுதான் பங்கு கேட்பார்கள். இவன் மான் காட்டில் நிற்கும்போதே ரெலிபோனில் எட்டுப் பங்கும் சொல்லி முடித்துவிட்டான்.

"கூடாதெண்டால் கூடாது."

அரை மணித்தியாலத்தில் கீழே ஒரு வெடி. காட்டு வீதிக்கு இறங்கியபோது பள்ளத்தாக்கின் தச்சன் ஒருவன் அதே மானைப் புல்லில் கிடத்தி, வாயில் ஊசியிலைக் கொத்து ஒன்று செருகியிருந்தான். செத்த மிருகத்துக்குக் கடைசிக் கவளம் கொடுக்கும் இவர்களுடைய வழக்கம் அது. நாடாவைக் கேட்டு வாங்கி நானே அளந்தேன். காது இருபத்தொன்று, கொம்பு பதினெட்டு. படுத்திருக்கும் மான் காதைப் பக்கவாட்டில் தொங்கவிடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இவன் தச்சனுக்குக் கை கொடுத்து வாழ்த்தினான். பிறகு தமிழில், தச்சனைப் பார்த்துச் சிரித்தபடியே, என்னிடம் சொன்னான்: "அளந்து அளந்து ஊரில எத்தினை பேற்ற வேலியை மாத்திப் போட்டியளோ!"

அஞ்சு நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை. என் மனைவியோடு கதைத்தான், நான் மேசையில் இருக்கும்போதே. "அக்கா, அத்தானுக்கு ஒருக்காக் கண் காட்டுங்கோ."

வியாழக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, மழை விட்ட கையோடு, இன்னொரு ஸ்பீசர் வெளியே வந்தது. நூற்று நாற்பது மீற்றர். எங்களை நோக்கி நின்று மேய்ந்தது. காது இரண்டும் விறைப்பாக நின்றன. அதைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் அஞ்சு நாளாக என் தலைக்குள் காதைத் தவிர வேறொன்றும் இல்லை. கொம்பு காதுக்குக் கீழே நின்றது.

"சுடலாம்," என்றேன்.

அவன் துவக்கைத் தொடவில்லை. "உங்கட சொல்லுக்கு நான் சுடமாட்டன். நம்பிக்கை இருந்தால் நீங்களே சுடுங்கோ."

"நான் பிழை விடமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் பயப்பிடுறாய்."

"ஓமோம். இண்டைக்கும் பிழைச்சால் நாளையிலயிருந்து நான் தனியத்தான் வருவன். சுடுங்கோ பாப்பம்."

சுட்டேன். ஒரே வெடி. மான் நாலடி போய் விழுந்தது.

கிட்டப் போக முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. மான் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. குனிந்த தலையில் கொம்பு முன்னுக்குச் சரியும், முன்னாலிருந்து பார்ப்பவனுக்குக் குறுகித் தெரியும். சரிவில் நிற்கிற கம்பத்தின் உயரத்தைச் சரிவு பார்க்காமல் எழுதினால் ஊரில் எங்கள் மேலதிகாரி கொப்பியை யன்னலால் எறிவார். தலை நிமிரும்வரை அரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும். கிட்டப் போய் அளந்தேன்: காது இருபத்தொன்று, கொம்பு இருபத்துமூன்று.

நான் ரெலிபோனை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"ஆருக்கு?"

"காவலருக்கு."

"விசரோ உங்களுக்கு? ரெண்டு சென்ரிமீற்றர். கொம்பு நுனியில வாளால ஒரு இழுவை. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் இருபத்துமூன்று எண்டு எழுதிப்போட்டன்."

"அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் குளத்துக்குள்ள எறியுங்கோ!"

வேட்டைக் காவலர் நாற்பது நிமிடத்தில் வந்தார். நாடா பிடித்தார், கீழ்த்தாடையைத் திறந்து பல்லைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். நல்ல உடம்பு, நாலைந்து வருடத்தில் கிரீடக் கொம்பு வந்திருக்கும் என்றார். முதல் கொம்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று என் வாய்வரை வந்தது. சொன்னால், செய்த பிழையை நியாயப்படுத்துகிறான் கிழவன் என்று நினைப்பார். நாலு வருடமாக நான் சரியென்று வாதாடிய ஒரே விஷயம், அதைச் சொல்லத் தகுதியில்லாத ஆளாக நின்றேன். வாயில் கொத்து வைக்க யாரும் நினைக்கவில்லை. நான் ஒரு சிறு கிளையை முறிக்கப் போக, "அதொண்டுதான் குறை," என்றான் இவன்.

நானே அறிவித்தபடியால் தண்டம் குறைவு, ஐந்நூறு பிராங். கொம்பு அரசாங்கத்துக்கு. இறைச்சி வேண்டுமென்றால் விலை கொடுத்து எடுக்கலாம்: அறுபத்திரண்டு கிலோ, கிலோ எட்டு பிராங், நானூற்றுத் தொண்ணூற்றாறு. எடுத்தேன், பங்கு சொன்ன வீடுகளில் அக்காவின் பெயரும் சேர்ந்து கெடுமென்று அவன் சொன்னதால். ஞாயிறன்று அவன் அதை எட்டுப் பையில் கட்டிக்கொண்டு ஷ்லீரனுக்குப் போனான். அடுத்த நாள் அங்கேயிருந்து ஒரு பெண் என் மனைவிக்கு எடுத்து, "உங்கட தம்பி சுட்ட மான் நல்ல மெது, அக்கா" என்றாளாம். மனைவி ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதன்பிறகு தனியத்தான் போகிறான். தூரநோக்கி இருவரும் பாதிப்பாதி போட்டு வாங்கியது. தன் பாதியைக் காசாகத் தரச்சொல்லி வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தான். அத்தான் என்றுகூட எழுதவில்லை. அறுநூற்று நாற்பது பிராங்கைக் கடித உறையில் போட்டு, பஸ் எடுத்துப்போய், அவனுடைய கடிதப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, மணி அடிக்காமல் திரும்பினேன். பஸ்ஸுக்குப் போகவர அஞ்சு பிராங் நாற்பது. தண்டத்தோடும் இறைச்சியோடும் சேர்த்து மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொரு பிராங் நாற்பது சதம்.