முன்பக்கத்து வலது தோள்

வத்தேகம பஸ்ஸில் இருபது வருடமாக டிக்கட் கிழிக்கும் மனுவேலுக்கு இரண்டே பெருமைகள். ஒன்று, கண்டி வரை கம்பியைப் பிடிக்காமல் நிற்பது. மற்றது, அந்தோனியார் திருநாள் ஊர்வலத்தில் அவர் சிலை வைத்த சுரூபக் கூட்டின் முன்பக்கத்து வலது தண்டைச் சுமப்பது. அந்த இடத்தின் மேல் அவர் மனைவி ஐரினின் தம்பி ஜொனிக்கு ஆறு வருடமாகக் கண்.

இடத்தோடு ஒரு துவாயும் வரும். தண்டு அழுத்தாமல் இருக்கத் தோளில் மடித்துப் போடுவது. ஆசீர்வதித்த எண்ணெய் பட்ட துவாய் என்பதால் யாரும் அதைத் துவைத்ததே இல்லை. அதன் நிறம் என்னவென்று அந்தோனியாரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வருடம் துவாயைப் போட்டுக் கூடு தூக்கிப் பார்த்த ஒத்திகை முடிந்த மூன்றாம் நாள் மனுவேலின் தோளில் ஒரு கட்டி. தெரிந்தால் இடம் ஜொனிக்குப் போய்விடுமே! குளியலறையைப் பூட்டிக்கொண்டு பிதுக்கினார். நாலு நாளில் வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது.

"பஸ்ஸில இறங்கும்போது சறுக்கிருச்சு" என்று வீட்டில் கூசாமல் புளுகினார்.

குண்டசாலை முறிவு வைத்தியர் முழங்காலைத் தொட்டவுடன் கையை எடுத்துவிட்டார். "இது சுளுக்கில்லீங்க. நெருப்பா கொதிக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மனுவேல் பவ்வியமாகத் தலையாட்டினார். பிறகு ஒரு போத்தல் எண்ணெய் வாங்கிவந்து தானே பூசி, தானே துணி சுற்றி, வைத்தியர் கட்டியதாக ஐரினிடம் காட்டினார்.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் காய்ச்சல் முற்றிப் பிதற்றினார். கட்டி, பொய், எண்ணெய் எல்லாம் பாவசங்கீர்த்தனம் போல வெளியே வந்தன. ஐரின் தலையிலடித்துக்கொண்டு த்ரீவீல் பிடித்தாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் அன்றே முழங்கால் மூட்டைத் திறந்து சீழைக் கழுவினார்கள்.

"கட்டியில இருந்த கிருமி ரத்தத்தோட ஓடி முழங்காலில குடியேறிட்டுது" என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர் லோஜினி. "நஞ்சு கக்கிற இனம். எலும்பையும் அரிக்கும். இன்னும் பிந்தியிருந்தா காலும் போயிருக்கும், நீங்களும் போயிருப்பீங்கள். ஆறு கிழமை மருந்து ஏத்த வேணும்."

"திருநாளுக்கு மட்டும் ஒரு நாள்..."

"ஆறு கிழமை."

திருநாளன்று மனுவேல் வார்டில் படுத்து வெட்கமில்லாமல் அழுதார்.

அடுத்த ஞாயிறு ஜொனி வாழைப்பழச் சீப்போடு வந்தான். "மச்சான், உங்க இடத்துல நான்தான் தூக்கினேன், கூடு ஆடவே இல்ல. அந்தோனியார் எனக்கு அடையாளம்கூடத் தந்துட்டாரு, பாருங்க!"

சட்டையை விலக்கினான். தோளில் சிவப்பாக ஒரு கட்டி. அதே இடம்.

"அந்தத் துவாயவா போட்ட?"

"பின்ன? ராசியான துவாயாச்சே. போயி இதப் பிதுக்கணும்."

ஊருக்கு இன்னும் பஸ்ஸில் சறுக்கிய கதைதான் தெரியும். ஐரின் உண்மையை வெளியே விடவில்லை. அது தெரிந்தால், கட்டியை மறைத்துக் கூட்டைத் தூக்கப் பார்த்தவர் என்று கோயில் கமிட்டி இனி இடமே தராது. மனுவேல் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். ஜொனியின் நல்ல முழங்கால்கள் இரண்டையும் பார்த்தார்.

"மிஸ்! இவன விடாதீங்க!" என்று நர்ஸைப் பார்த்து வார்டே திரும்பக் கத்தினார். "எனக்கும் தோள்லதான் கட்டி வந்துச்சு! மறைச்சேன், பிதுக்கினேன், கால் வீங்கிருச்சு! பஸ்ஸுல சறுக்கினது பொய்!"

ஜொனி சட்டையை இழுத்து மூடினான். "மச்சான், இடத்துக்காகப் பயம் காட்டுறீங்களா?"

"இடத்த நீயே வச்சுக்கடா. முழங்காலோட வச்சுக்க."

அன்று மாலை ஐரின் துவாயைக் கொதிநீரில் போட்டு அலசினாள். அது நீல நிறமாம்.