டுஃபி நம்பிய முள்

குமாசி டாக்ஸி ஸ்டேஷனில் மாம்போங் ஊருக்குப் போகும் வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஒன்று டுஃபியுடையது. அதில் ஏறுகிறவர்களை அவள் ஒரு தடவை நேரில் பார்ப்பாள், இன்னொரு தடவை கண்ணாடியில் பார்ப்பாள். நேரில் பார்த்ததை நம்ப மாட்டாள்.

"எதிர்ல நிக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான். யாரும் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பான் பாரு, அப்ப வர்றதுதான் அவனோட மூஞ்சி" என்பாள்.

வண்டியோடு வந்த கண்ணாடி போதாதென்று அதன் மேலேயே அகலமான இன்னொன்றைச் சந்தையில் வாங்கி மாட்டியிருந்தாள். பின்சீட்டு மொத்தமும் அதில் தெரியும். வரிசையில் இருந்த ஆண் டிரைவர்கள் அவளுக்குப் போலீஸ் அத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபடச் சொல்லும் தைரியம் மட்டும் எவனுக்கும் கிடையாது.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் அவள் சோள மாவில் கென்கி அவித்து விற்றுக்கொண்டு, சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டு இருந்தவள்தான். கென்கிக் காசில் வாங்கிய காரை அவள் புருஷன் அன்ட்வி ஓட்டினான். ஒரு நாள் மத்தியானம் அவன் வீட்டுக்குள் ஃபூஃபூ உருண்டையைச் சூப்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, தூசி துடைக்கலாம் என்று அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் இருக்கும் தெரு அதில் தெரியவில்லை. பின்சீட்டின் ஒரு மூலை தெரிந்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

"ஏங்க, இந்த மூலையில யாரு உக்காருவா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

சூப்புக்குள் இருந்த அன்ட்வியின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் மூலைக்காரியோடு சுன்யானிக்குப் போய்விட்டான். கார் இவளிடம் நின்றது.

ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே இன்னொன்றும் பிடிபட்டது. சாவியைப் பாதி திருப்பினால் டேஷ்போர்டில் உள்ள விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிய வேண்டும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் எரியவேயில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பல்பே இல்லை. எண்ணெய் மாற்றச் சொல்லி அது தொந்தரவு செய்கிறது என்று அன்ட்வி பிடுங்கிப் போட்டிருக்கிறான். மற்ற டிரைவர்களும் சளைத்தவர்களல்ல, மஞ்சள் விளக்கு எரிந்தால் அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பத்திரமாக இருக்க வேண்டிக்கொள்கிற ஜாதி. டுஃபி பல்பைத் திரும்பப் போட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் சாவியைப் பாதி திருப்பி ஒவ்வொரு விளக்காக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அவளுடைய வேதம் இவ்வளவுதான்: மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் முள்ளும் விளக்கும் சொல்லாது.

இப்படிப்பட்டவளின் மகள் பிராகோ போய் ஒரு ஃபிட்டரைக் காதலித்தாள்.

வாங்குகிறவன், விற்கிறவன், ஓட்டுகிறவன் என்று டுஃபி சந்தேகப்படாத ஆள் இல்லை என்றாலும், பட்டியலில் முதல் இடம் ஃபிட்டருக்குத்தான். சுவாமே பட்டறைப் பேட்டையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன், திரும்பி வந்தால் அதே வண்டியை ஓட்டிப்போவானே தவிர அதே சாமான்களோடு ஓட்டிப்போக மாட்டான். அதனால்தான் அங்கே வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பானெட்டுக்குள் போகும் கையையும் வெளியே வரும் கையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஓபிரி என்ற அந்தப் பையன் அந்தப் பேட்டையில் வேலை செய்கிறவன். அதிகம் பேச மாட்டான், கேட்டதற்குப் பதில் சொல்வான். ஊமைக் கோட்டான் என்று டுஃபி முடிவு செய்தாள்.

சனிக்கிழமை அவன் வீட்டார் பெண் கேட்டுக் கதவு தட்ட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவரும் மதுக் குப்பியை வாங்கிக்கொண்டால் சம்மதம், திருப்பிக் கொடுத்தால் இல்லை. வாங்குவதும் திருப்புவதும் தாய்மாமன் கையில் இருந்தது. டுஃபி மாம்போங்கில் இருக்கும் அண்ணன் சார்போங்குக்குப் போன் போட்டாள்.

"திருப்பிக் குடுத்துருண்ணே. எனக்கு அவனைப் பாத்தாலே ஆகல."

"உனக்கு யாரைப் பாத்துத்தான் ஆகுது? ஃபாதரையே நம்பமாட்டேங்கற. பையன்கிட்ட ஒரு குத்தம் காட்டு தங்கச்சி, நெசமான குத்தம் ஒண்ணே ஒண்ணு. நானே குப்பியைத் திருப்பிக் குடுக்கறேன். உன் மூக்குல வேர்க்குதுன்னு ஒரு பொண்ணு வாழ்க்கையில கை வைக்க முடியாது."

ஆகவே டுஃபிக்குக் குற்றம் ஒன்று தேவைப்பட்டது. அந்த வாரம் முழுக்க அதைத்தான் தேடினாள்.

வியாழக்கிழமை கார் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அவளுடைய பழைய ஃபிட்டர் யாருடைய சாவுக்கோ ஊருக்குப் போயிருந்தான். பிராகோ அம்மாவைக் கேட்காமலே ஓபிரியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். டுஃபி ஸ்டூலைப் போட்டாள். அவன் ரேடியேட்டரின் வெடித்த ரப்பர் குழாயைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினான், தண்ணீர் ஊற்றினான், மூடியைத் திருகினான். அவள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"பழைய குழாய் எங்க?"

கேட்டு வாய் மூடுவதற்குள் அவன் அதை நீட்டினான். "இந்தாங்கம்மா."

இவ்வளவு தயாராக வைத்திருக்கிறானே, அப்படியென்றால் வேறு எதையோ எடுத்துவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. கூலியும் வேண்டாம் என்றான். சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

வெள்ளிக்கிழமை அண்ணனை அழைத்துவர மாம்போங் போக வேண்டும். போகும்போது சும்மா போவானேன் என்று வரிசையில் நின்றாள். ஆள் சேர்வதற்குள் பானெட்டைத் திறந்தாள். குழாய் புதிதுதானா, பழையதைத் துடைத்து மாட்டியிருக்கிறானா என்று நகத்தால் சுரண்டினாள். புதிதுதான். ஊற்றியது நல்ல தண்ணீரா, சாக்கடைத் தண்ணீரா என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தாள். நல்ல தண்ணீர்தான். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"டுஃபி! உன் முறை! ஏத்துறியா, இல்ல அடுத்தவன் ஏத்தட்டுமா?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினார்.

அவசரமாக மூடியை வைத்துத் திருகி, பானெட்டை அடித்துச் சாத்திவிட்டுச் சீட்டுக்கு ஓடினாள்.

வண்டி முழுக்க ஆள். டிக்கியில் இரண்டு மூட்டை வெங்காயம். பின்சீட்டில் ஒருத்தி கருவாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ன்டோன்சோ ஊரைத் தாண்டும்வரை டுஃபியின் கண் கண்ணாடியில் அவள் மேல்தான் இருந்தது. மாம்போங் மலை ஏற்றம் தொடங்கியதும் கண் கீழே இறங்கி ஹீட் மீட்டருக்கு வந்தது. எப்போதும் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும் முள் பாதியைத் தாண்டியிருந்தது. வளைவுக்கு வளைவு ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் இடைவெளி இருந்தபோது அவள் ஓரம் கட்டலாமென்று காலைத் தளர்த்தினாள்.

அப்போது முள் கீழே இறங்கியது. மெதுவாக அல்ல, கடகடவென்று இறங்கிப் படுத்தேவிட்டது.

"பாத்தீங்களா! அதுவா ஏறுச்சு, அதுவா ஆறிடுச்சு" என்று டுஃபி மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

"அக்கா, ஏதோ தீயற வாசனை வருது" என்றாள் கூடைக்காரி.

"உன் கருவாட்டு வாசனையா இருக்கும்."

"கருவாட்டு வாசனை எனக்குத் தெரியாதாக்கா? இது வேற. நிறுத்துங்க, நான் இறங்கிக்கறேன்."

"இறங்கிக்குவ, இறங்கிக்குவ. பாதி வழியில இறங்கிட்டுப் பாதிக் காசு குடுக்கற வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம். முள்ளு கீழ கிடக்குது, நீ என்ன முள்ளைவிடப் பெரிய ஆளா?"

அடுத்த வளைவில் எண்ணெய்க் குடுவை விளக்கு சிவப்பாக எரிந்தது. அதற்கு டுஃபி உடனே மரியாதை கொடுத்தாள், வண்டியை ஓரம் கட்டினாள். ஆனால் காலம் கடந்திருந்தது. என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல டக்டக்கென்று கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அப்புறம் சாவியை எப்படித் திருப்பினாலும் அசையவில்லை.

மாம்போங் பக்கத்தில்தான் இருந்தது. செய்தி கேட்டுச் சார்போங் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். டுஃபி மகளுக்குத்தான் போன் செய்தாள், மகள் ஓபிரியை அனுப்பிவிட்டாள். அவன் வேனில் தொற்றிக்கொண்டு கருவிப் பையோடு வந்து இறங்குவதற்குள் டுஃபி அண்ணனிடம் தேவையானதையெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

"வாப்பா, வா! நேத்து நீ கை வெச்ச, இன்னைக்கு வண்டி பொணமாயிடுச்சு. முள்ளுல என்ன கோளாறு பண்ணி வெச்ச? என்ஜின் எரியுது, அது குளிருதுன்னு காட்டுது!"

"முள்ளு தண்ணியோட சூட்டைத்தான் காட்டும்மா. தண்ணியே இல்லாமப் போனா அது எதைக் காட்டும்? வெறும் காத்துல நிக்கும், அதான் கீழ விழுந்துருச்சு."

டுஃபி குனிந்து டேஷ்போர்டில் அந்த முள்ளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் நம்பிய முள் இது. அவளை அது ஏமாற்றக்கூட இல்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"சரி, அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்று சார்போங் கேட்டார்.

ஓபிரி பானெட்டுக்குள் குனிந்தான். குழாயைத் தடவினான், ஈரமில்லை, கட்டு இறுகி இருந்தது. மூடியில் கை வைத்தான். அது பாதித் திருகலில் நின்றிருந்தது. அந்த மூடி ஒரு தடவை திருகினால் உட்காரும், இன்னொரு தடவை அழுத்தித் திருகினால்தான் பூட்டும். மூடியின் மேல் எண்ணெய்க் கறையும் கரியுமாக விரல் அடையாளம் இருந்தது. பக்கத்தில் நின்ற டுஃபியின் மஞ்சள் ரவிக்கை ஓரத்தில் அவள் துடைத்திருந்த கரியும் அதே கரிதான். அவன் இரண்டையும் பார்த்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் கத்தியதும், தான் ஓடியதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

இதோ சொல்லப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என் தப்புதாங்கய்யா. நேத்து மூடியை நான் சரியா இறுக்கல" என்றான் ஓபிரி. பாதியில் நின்ற மூடியை ஒரு தடவை கழற்றி, மறுபடி அழுத்திப் பூட்டினான்.

சார்போங் தங்கையைப் பார்த்தார். "கேட்டியே, கிடைச்சிடுச்சு. தேடாம தன் கால்லயே நடந்து வந்திருக்கு."

டுஃபி கரி படிந்த ரவிக்கை ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டாள்.

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் ஏன் அப்படிச் சொன்னான்? என்ஜினைச் சரிசெய்யும் செலவு அவன் தலையில்தான் விழும். பேட்டையில் பெயர் கெடும். பிராகோ கிடைக்க மாட்டாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு உதைத்தது. லாபமில்லாமல் பொய் சொல்கிறவனை அவள் அதுவரை கண்டதில்லை. கண்டறியாத அந்த மிருகத்தை நினைக்க அவளுக்குப் பயமாகவே இருந்தது. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கேட்டது நடந்துவிடும் என்பதும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. ஓபிரி வீட்டார் வெள்ளையும் நீலமுமாக உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் எழுந்து, "இந்த வழியாப் போகும்போது உங்க வீட்டுல ஒரு பூவைப் பாத்தோம், பறிக்கலாமான்னு கேட்டுட்டுப் போக வந்தோம்" என்று தொடங்கி, இரண்டு ஷ்னாப்ஸ் குப்பிகளை மேசை மேல் வைத்தார். பிராகோ சுவரோரம் நின்றாள். விடிய விடிய அழுத கண்.

சார்போங் தொண்டையைக் கனைத்தார். "பூ எங்ககிட்ட இருக்கு. ஆனா ஒரு மூடியை இறுக்க மறந்தவன் நாளைக்குப் பொண்டாட்டியை எங்கயாவது மறந்துட்டு வந்து நிப்பானே, அதுக்கு என்ன செய்யறது?" என்று சொல்லிக் குப்பிகளை அவர்கள் பக்கமாக நகர்த்தினார்.

ஓபிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"நிறுத்துண்ணே!" டுஃபி எழுந்துவிட்டாள். "மூடியைத் திறந்தது நான். இவன் சாக்கடைத் தண்ணி ஊத்தியிருப்பானோன்னு திறந்து பாத்தேன். சரியா மூடாம ஓடினதும் நான்தான். அது இவனுக்கும் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே உன்கிட்ட பொய் சொன்னான். இவன் பொய்யன்! கண்ணு இமைக்காம பொய் சொல்றவன். பிராகோ, அதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணு."

சார்போங் குப்பிகளிலிருந்து கையை எடுத்தார்.

"ஏம்ப்பா, பொய்யா சொன்ன?" என்றார் சார்போங்.

"ஆமாங்கய்யா."

"எதுக்கு?"

"அத்தனை பேர் சுத்தி நின்னாங்க. அவங்க தலை குனிய வேணாம்னு பாத்தேன்."

சார்போங் தங்கை பக்கம் திரும்பினார். "ஆக மொத்தம் உனக்குக் குத்தம் கிடைச்சாச்சு. பொய் சொல்ற மாப்பிள்ளை. திருப்பிக் குடுத்துரலாமா?"

டுஃபி ஓபிரியை நேருக்கு நேர் பார்த்தாள். முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட பொய் சொன்னவங்க எல்லாரும் அவங்கவங்களுக்காகத்தான் சொன்னாங்கண்ணே. எனக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. இவனை எப்படிச் சந்தேகப்படறதுன்னே எனக்குத் தெரியல" என்றாள். சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் அழுதாள்.

பிராகோ வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழக்கப்படி சார்போங் அவளிடம் மூன்று தடவை கேட்டார், குப்பியை வாங்கிக்கொள்ளலாமா என்று. மூன்று தடவையும் அவள் சரி என்றாள். பிறகு, வழக்கத்தில் இல்லாதபடி, டுஃபியிடமும் ஒரு தடவை கேட்டார்.

"வாங்கிக்கோண்ணே" என்றாள் டுஃபி. ஆனால் அவர் கை நீட்டுவதற்குள் தானே ஒரு குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் கையில் கொடுத்தாள்.