இருபத்துநாலாம் நாள், பூங்கா வாசலில்

எங்கள் வீட்டுக் குசினியில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒரு நேரசூசி ஐந்து மாதமாகத் தொங்கியது. ஏழு ஐம்பதுக்கு விடுதியை விட்டு இறங்குதல். எட்டரைக்கு வாசல். ஒன்பதிலிருந்து ஒன்பது நாற்பது வரை முதலாவது ஏற்றம். பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பது வரை கழிப்பறை. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்தக் கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்தேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. என் மூத்திரப்பைக்கு இந்த நேரசூசியை யார் அறிவித்தார்கள் என்று மருமகளிடம் கேட்டேன். மைதிலி சிரித்தாள். அது சிரிப்பதற்காகக் கேட்ட கேள்வி அல்ல.

என் பேரன் ஆதவனைப் புளோரிடாவில் இருக்கும் ஒரு களியாட்டப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் பயணத் திட்டம் அது. அவனுக்குப் பத்து வயது. நாலு நாள், இருபத்தொன்பது ஏற்றங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருப்பான் என்று கேட்டு எழுதிக் கூட்டிப் பார்த்தேன். நாலு நாளிலும் சேர்த்து ஒரு மணி நாற்பது நிமிடம். மிச்சமெல்லாம் வரிசையில் நிற்பது. அந்த வரிசையில் நிற்பதற்கும் காலை ஏழு மணிக்குச் சரியாகப் போனை அழுத்தி இடம் பிடிக்க வேண்டுமாம். ஏழு ஒன்றுக்கு அழுத்தினால் கிடைக்காதாம். இத்தனை கட்டளைகளோடு பிள்ளைகளைச் சந்தோசப்படுத்தும் தேசத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் போதாதென்று உயரம் வேறு. அங்கே தண்டவாளத்தில் ஏறி விழும் மிகப்பெரிய இராட்டினத்தில் ஏறுவதற்கு நூற்று முப்பத்திரண்டு சென்ரிமீற்றர் வேண்டும். அதில் ஏற முடியாவிட்டால் தான் வரவில்லை என்று ஆதவன் சொல்லிவிட்டதால் பயணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. ஒவ்வொரு ஞாயிறும் குசினிக் கதவு நிலையில் அவனை நிறுத்தி அளப்பது என் வேலை. பங்குனியில் நூற்று முப்பத்தொன்று. வைகாசியில் நூற்று முப்பத்திரண்டரை. அன்று அவன் குதித்த குதியில் கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மேலே ஏறி வந்தார்.

எங்கள் ஊர்ப் படகுத்துறையான குறிகட்டுவானில் எங்களை எவரும் அளக்கவில்லை. சோளகக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் நயினாதீவுக்குப் படகு ஏறுவோம். படகோட்டி தலைகளை எண்ணுவார், அவ்வளவுதான். நடுக்கடலில் படகு எழும்பி விழும்போது வயிறு தொண்டைக்கு வரும். பக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுப்பார். பயம் இலவசமாகக் கிடைத்த இடத்திலிருந்து வந்த நான், என் பேரன் பயப்படுவதற்கு ஐந்து மாதம் திட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூங்காவின் முதல் நாளுக்குச் சரியாக இருபத்துமூன்று நாள் இருக்கையில், ஊரில், இறுப்பிட்டியில், சின்னராசா இறந்துபோனான். அவன் என் சித்தப்பாவின் மகன். எனக்கு ஐந்து வயது இளையவன். நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு வந்த பிறகும் அங்கேயே இருந்து, தன் காணியையும் என் காணியையும் பார்த்தவன். தகப்பன் வழிச் சகோதரன் என்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குப் போக முடியாது. நல்லது கெட்டதில் நல்லதற்குப் போக முடியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தால்தான் வீடு கழுவி வெளிக்கிடலாம். பூங்காவின் முதல் நாள் எனக்கு இருபத்துநாலாம் நாள். மகனுக்கும் பேரனுக்கும் அதே கணக்குத்தான்.

அன்று பின்னேரமே பொன்னண்ணை தொலைபேசியில் வந்தார். என் பெரியப்பாவின் மகன்; இதே நகரத்தில் எட்டுத் தெரு தள்ளி இருக்கிறார்.

"தம்பி, கேள்விப்பட்டன். புளோரிடாப் பயணம் இருக்கோ?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை அண்ணை."

"இல்லை, தெரியாமல்தான் கேக்கிறன். உங்கடை வீட்டிலை நடக்கிறது செத்தவீடோ, கலியாணவீடோ?"

அதே பொன்னண்ணைதான் ஒன்பதாம் நாள் பேத்தியின் பட்டமளிப்பு விழாவில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். கேட்டதற்கு, "அது படிப்பு விசயம் தம்பி. படிப்புக்கு ஏது துடக்கு?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. அலுவலகத்துக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், பள்ளிக்கூடம் போகலாம், பேத்தி தொப்பியை எறிவதைப் பார்த்துக் கைதட்டலாம். என் பேரன் இராட்டினத்தில் ஏறினால் மட்டும் வம்சத்துக்கே இழுக்கு.

ஆனாலும் சரியான விடை எனக்கும் தெரியவில்லை. இராட்டினம் நல்ல காரியமா, வெறும் பொழுதுபோக்கா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவை இறுப்பிட்டியில் எவருக்கும் வந்ததில்லை. மகன் குமரன் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். "அப்பா, எனக்கு அந்தக் கிழமை மட்டும்தான் லீவு. இதை விட்டால் அடுத்த வருசம்தான். நீங்கள் வேண்டாமெண்டால் போகேல்லை. நீங்களே சொல்லுங்கோ." இதுவும் எனக்கு ஆத்திரம். பயணத்தைத் திட்டமிட்டபோது என்னை ஒருவரும் கேட்கவில்லை. நிறுத்துவதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன்.

நாளை மாற்றலாமா என்று பூங்காவின் அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நாற்பத்தாறு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். மரணம் என்றேன். மிகவும் வருந்தினாள். யார் என்று கேட்டாள். என் சகோதரன் என்றேன். ஒரே தாய் தகப்பனா என்றாள். இல்லை, அவனுடைய தகப்பனும் என்னுடைய தகப்பனும் சகோதரர்கள் என்றேன்.

"ஓ, கசின்."

"கசின் இல்லை. சகோதரன்."

"சேர், கசின் என்றால் எங்கள் விதியில் நெருங்கிய குடும்பம் அல்ல. திகதியை மாற்ற முடியாது."

இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு இராட்டினக் கம்பனி சின்னராசா எனக்கு யார் என்று தீர்மானித்துவிட்டது. அவனுக்காக முப்பத்தொரு நாள் துடக்குக் காக்க வேண்டும் என்கிறது என் குலம். அவன் உனக்கு ஒருவரும் இல்லை என்கிறது இவர்களின் விதி. இரண்டு விதியையும் எழுதியவர்கள் அவனை நேரில் கண்டதில்லை என்பதை நினைக்க எனக்கு மேலும் கோபம் வந்தது.

ஆதவன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தமிழ் விளங்கும். பேசும்போது மெல்லத்தான் வரும். "அப்பப்பா, அவரை எனக்குத் தெரியாதே" என்றான். அழவில்லை. உண்மையைச் சொன்னான்.

எனக்குப் பத்து வயதில் இதே வசனத்தை நான் சொல்லியிருக்கிறேன். என் தகப்பனாருக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. பள்ளி விடுமுறைக்கு அம்மாவும் நானும் புகைவண்டியில் அங்கே போனோம். அங்கிருந்து தெகிவளை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போவதாக ஐயா வாக்குத் தந்திருந்தார். யானை ஆடுமாம் என்று கடைச் சிப்பந்தி சொன்னான். நான் நாட்களை எண்ணினேன். எண்ணும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. போவதற்கு முதல் நாள் தந்தி வந்தது. ஊரில் யாரோ ஒரு பெரியப்பா. நான் முகமே கண்டிராத மனிதர். துடக்கோடு ஆட்டம் பார்க்கப் போவதா என்று ஐயா கேட்டார். அடுத்த வருடம் போகலாம் என்றார். அடுத்த வருடம் இனக்கலவரத்தில் கடை எரிந்தது. ஐயா உடுத்த வேட்டியோடு கப்பலில் ஊருக்கு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் யானையைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த வருடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்பதை அப்போது படித்தேன். என் மகனின் வாயில் அந்தச் சொல் வந்ததும் நான் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்தது அதனால்தான்.

இரவு முழுவதும் யோசித்துவிட்டு, விடிந்ததும் இறுப்பிட்டிக்கு எடுத்தேன். துடக்கின் சொந்தக்காரி சின்னராசாவின் மனைவி ராணி. அவளிடமே கேட்பது முறை என்று பட்டது. பொன்னண்ணை சொன்னதை, பூங்காக் கம்பனி சொன்னதை, இருபத்துநாலாம் நாள் என்பதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"என்ன ராணி, கேட்டுக்கொண்டிருக்கிறீரோ?"

"ஓம், கேக்கிறன் அத்தான். முப்பத்தொண்டை வடிவாய் எண்ணிறியள்."

"அதுதானே முறை?"

"அவர் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியிலை பதினெட்டு நாள் கிடந்தவர். நான் நாளாந்தம் பஸ்சிலை சாப்பாடு கொண்டு போனனான். போன உடனை ஒண்டுதான் கேப்பார். அண்ணை எடுத்தவரோ எண்டு. அந்தப் பதினெட்டு நாளிலை எத்தினை தரம் எடுத்தனீங்கள்? அதையும் எண்ணினனீங்களோ?"

நான் எண்ணவில்லை. என் கைத்தொலைபேசி எண்ணி வைத்திருந்தது. பிறகு பார்த்தேன். இரண்டு தரம். ஒன்று எடுபடவில்லை. மற்றது நாலு நிமிடம். அதிலும் மூன்று நிமிடம் என் காணியின் மேற்கு வேலியை அடைத்தாயிற்றா என்று கேட்டிருக்கிறேன். படுக்கையில் கிடந்தபடி, "ஓம் அண்ணை, ஆள் விட்டனான்" என்று சொன்னான்.

"ராணி," என்றேன்.

"பிள்ளை போகட்டும் அத்தான். அது செத்தவரைக் கண்டதே இல்லை. அதுக்கு என்ன துடக்கு? நீங்கள் கண்டனீங்கள். உங்களுக்கு இருக்கோ இல்லையோ எண்டு நீங்கள்தான் பாக்கவேணும். என்னைக் கேக்காதேயுங்கோ."

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல் வெளியே வந்து குந்தியிருப்பவர்களுக்கும் சொல்கிறேன். நாங்கள் இங்கே செத்தவீட்டு முறைகளை ஒரு நாள் பிசகாமல் காக்கிறோம். மரக்கறி காய்ச்சுகிறோம், படத்துக்கு விளக்கு வைக்கிறோம், கணக்குத் தவறுபவர்களைக் கண்டுபிடிக்கிறோம். உயிரோடு இருப்பவனுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தொலைபேசி எடுக்க வேண்டும் என்று எந்த முறையும் சொல்லவில்லை என்பது எங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! பொன்னண்ணைமேல் எனக்கு இருந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதில் பெரிய பங்கை என்மேல் மாற்ற வேண்டியதாயிற்று.

அன்று சாப்பாட்டு மேசையில் முடிவைச் சொன்னேன். பயணம் உண்டு. நானும் வருவேன். பூங்காவுக்கு உள்ளே மட்டும் வரமாட்டேன்.

"மாமா, அந்த வெயிலுக்கை வெளியிலை இருந்து என்ன செய்யப் போறியள்?" மைதிலி கேட்டாள்.

"துடக்கெண்டால் கோயிலுக்கு வெளியிலை நிக்கிறேல்லையோ? அப்பிடித்தான்."

"அது கோயில் மாமா."

"இது உங்களுக்குக் கோயில்தானே பிள்ளை. அஞ்சு மாசமாய் நேரசூசி ஒட்டி வைச்சுக் கும்பிடுறியள்."

குமரன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் புரைக்கேறி இருமினான். வீட்டில் தனியே விட ஏலாது என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இருபத்துநாலாம் நாள், எட்டு இருபத்தெட்டுக்கு வாசலில் நின்றோம். இரண்டு நிமிடம் முந்திவிட்டோம் என்று மைதிலிக்குப் பெருமை. ஆதவனை அளக்கும் கம்பின் அடியில் நிறுத்தினார்கள். அவன் மூச்சை அடக்கி நின்றான், நானும் அடக்கினேன். கையில் ஒரு பச்சைப் பட்டியைக் கட்டி உள்ளே விட்டார்கள். என் முறை வந்ததும் நான் விலகி நின்றேன். வாசலில் நின்ற இளம்பெண் என் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"சேர், இது செல்லுபடியாகும். உள்ளே போகலாம்."

தெரியும், எனக்கு அனுமதி இல்லை என்றேன். யார் அனுமதி தரவில்லை என்று பதறினாள். என் சகோதரன் இறந்துவிட்டான் என்றேன். அவள் மேலாளரை அழைத்தாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்தது. என் கால்களில் ஒரு குறையும் இல்லை என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த இன்னும் பத்து நிமிடம் சென்றது. கடைசியில் ஒரு போத்தல் தண்ணீரைத் தந்துவிட்டுப் போனார்கள். மதிலோரம் ஒரு வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன். உள்ளே மதிலுக்கு மேலால் அந்த இராட்டினத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டித் தொடர் ஏறி, ஒரு கணம் நின்று, தலைகுப்புற விழுந்தது. விழும்போதெல்லாம் ஒரு கூச்சல்.

அங்கே ஆறரை மணியாகியிருக்கும் என்று கணக்கிட்டு ராணிக்கு எடுத்தேன். வேலியைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டீரோ என்று கேட்டேன். சோளகம் போனுக்குள் இரைந்தது. மகள் வந்து நிற்கிறாள் என்றாள். முதுகு நோகிறது என்றாள். பிறகு, "அதென்ன சத்தம் அத்தான்? ஆர் கத்துறது?" என்றாள்.

"பெடியங்கள். இராட்டினத்திலை."

"எங்கடையவனும் ஏறிட்டானோ?"

நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் ஒரு பெட்டித் தொடர் நின்றது. கறுப்புத் தலைகள், மஞ்சள் தலைகள், தூக்கிய கைகள். அந்தத் தூரத்தில் எந்தக் கை எவருடையது என்று தெரியவில்லை.

"ஓம். இப்ப மேலை நிக்கிறான்" என்றேன்.

"கேப்பம், பிடியுங்கோ."

நான் வாங்கின்மேல் ஏறி நின்று, வெயிலில் சுட்ட மதிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் போனை உள்பக்கமாக எட்டிய மட்டும் தூக்கிப் பிடித்தேன்.